நூற்றுப் பத்தாவது கோடு

எங்கள் வீட்டில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் நான் முதல் பாதியில் முட்டாளாகவும் பிற்பாதியில் வீரனாகவும் வருகிறேன். முட்டாள் பாதி அப்படியே உண்மை. ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வீரன் பாதியில்தான் பொய் இருக்கிறது. அந்தப் பொய் என்னுடையது.

கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். எனக்குப் பிடித்த பாடம் தண்ணீர் கொதிப்பது. (மற்ற ஆசிரியர்களுக்கு ஒளி, மின்சாரம் என்று கௌரவமான விருப்பங்கள் இருந்தன. எனக்கு அடுப்பும் பாத்திரமும்.) பீக்கரில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை அளவைக் கரும்பலகையில் எழுதுவேன். எழுபது, எண்பது, தொண்ணூறு என்று ஏறிக்கொண்டே போகும் எண், கொதி வந்ததும் நின்றுவிடும். பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் நகராது. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பேன்.

"தண்ணிக்குள்ள இருக்கற துகள் எல்லாம் கல்யாண மண்டபத்துல இருக்கற ஜனம் மாதிரி. சூடு ஏற ஏற ஓட்டமும் ஆட்டமும் கூடும். அந்த ஆட்டத்தோட சராசரியைத்தான் வெப்பநிலைங்கறோம். கொதி வந்தாச்சுன்னா அப்புறம் நீ குடுக்கற சூடெல்லாம் தாம்பூலப் பை மாதிரி. பையை வாங்கினவன் கையை விடுவிச்சுக்கிட்டுக் கெளம்பிப் போயிருவான். உள்ள இருக்கறவனுக்கு ஆட்டம் கூடாது. ஆளுதான் குறையும்."

இந்த உவமை என் சொந்தச் சரக்கு. அதில் எனக்கு இருந்த கர்வத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கர்வம் ஓய்வு பெறவில்லை. கோயமுத்தூரில் நானே வாங்கிய பாதரசத் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். நூற்றுப் பத்து டிகிரி வரைக்கும் கோடு போட்டது. டீக்கடையில் டீயின் சூட்டை அளந்து, "இது எழுபத்தெட்டு, நாக்கு தாங்காது" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். (அவர் என்னை அடிக்காமல் விட்டதற்குக் காரணம், அவர் மகன் என் மாணவன்.)

எங்கள் மகள் கோகிலாவை, வெல்லத்துக்குப் பெயர்போன மலை ஊரான மறையூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். கரும்பு விவசாயக் குடும்பம். சம்பந்தி வேலுச்சாமி சொந்தக் கரும்பைச் சொந்த ஆலையிலேயே காய்ச்சி வெல்லம் எடுப்பவர். ஆலை என்றால் பெரிய தொழிற்சாலை இல்லை. ஓலைக் கூரை, ஒரு பெரிய அடுப்பு, அதன்மேல் நாலு பேர் உட்கார்ந்து குளிக்கக்கூடிய அளவில் ஒரு கொப்பரை. அவ்வளவுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் கோகிலாவுக்கு ஏழாம் மாதம். அவளுக்கு முன்பு இரண்டு தடவை குழந்தை தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த வளைகாப்புக்கு இரண்டு வீட்டிலும் ஒரு பயம் கலந்த ஆர்வம். நானும் என் மனைவி சரஸ்வதியும் இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பினோம். எங்கள் ஊரும் கேரளம், மறையூரும் கேரளம். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

"ஏனுங்க, புள்ளைக்கு வளையல் போடப் போறோம். அந்தக் கண்ணாடிக் குச்சி எதுக்குங்க?" என்றாள் சரஸ்வதி.

"மறையூர் எவ்வளவு உசரத்துல இருக்குது தெரியுமா? அங்க தண்ணி நூறுக்கு முன்னாடியே கொதிக்கும். அளந்து பாக்கோணும்."

"அளந்து?"

தெர்மாமீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சின்னாறு சோதனைச் சாவடியில் பையைத் துழாவிய காவலரும் அதையேதான் மலையாளத்தில் கேட்டார். தாம்பூலப் பை உவமையைச் சொன்னேன். பஸ் பத்து நிமிடம் தாமதம்.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டு அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்தேன். வீடே சுற்றி நின்றது. தொண்ணூற்றாறைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளிக் கொதி வந்தது. பாதரசம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. தீயைக் கூட்டச் சொன்னேன். நகரவில்லை. இன்னும் கூட்டச் சொன்னேன். அசையவே இல்லை.

"பாத்தீங்களா சம்பந்தி? இனிமேல் நீங்க காட்டையே கொண்டாந்து எரிச்சாலும் ஒரு கோடு ஏறாது."

வேலுச்சாமி உண்மையாகவே அசந்துபோனார். "இத்தன வருசம் காய்ச்சுறோம், இது தெரியாமப் போச்சே சம்பந்தி," என்றார். அவர் மனைவி எனக்கு இரண்டாவது காபி கொண்டுவந்தார். கோகிலா மட்டும், "போதும்ப்பா, சாமானை உள்ள வைங்க," என்றாள். தகப்பனைத் தெரிந்தவள்.

அன்று பகலில் ஆலையில் வெல்லக் காய்ச்சல். வளைகாப்புக்கு நாங்கள் சுடவேண்டிய கச்சாயம் என்ற வெல்லப் பலகாரத்துக்கு அந்த வீட்டுக் கரும்பின் வெல்லம்தான் வேண்டும் என்று சம்பந்தியம்மா ஆசைப்பட்டிருந்தார். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வாயும் வயிறுமாக இருக்கிற பெண் வீட்டில் இருந்தால், பாகை ஊற்றி ஆறவைக்கிற தொட்டியிலிருந்து எடுக்கிற முதல் உருண்டையை இளஞ்சூட்டோடு அவள் கையில்தான் கொடுப்பார்கள். அவள் தின்ற பிறகே மற்றவர்கள் தொடுவார்கள்.

எனக்கு ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டு விரித்திருந்தார்கள். பெண்ணைக் கொடுத்த சம்பந்தி என்றால் அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு மரியாதை. நான் இரவைப் பகல் என்று சொல்லியிருந்தாலும் விளக்கை அணைத்திருப்பார்கள்.

கொப்பரைக்குப் பொறுப்பு கருப்பையா. ஐம்பது வயதிருக்கும். காய்ச்சுகிற ஆள். கரும்புச்சாறு நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தபோதும் அவர் காய்ந்த சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"கருப்பையா, கொதிதான் வந்திருச்சே. இன்னும் எதுக்குச் சக்கையைத் தள்ளறீங்க? சூடு இதுக்கு மேல ஏறாதே."

"ஏறும் மாஷே," என்றார். கேரளத்தில் வாத்தியார் எல்லோருமே மாஷ்தான். "பாகு எறுக எறுகச் சூடும் ஏறும். தண்ணி தெறிச்சா சுடும். பாகு தெறிச்சா தோலோட வரும். ரெண்டும் ஒரே சூடா?"

கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் தழும்பு.

இதைவிட நல்ல ஆய்வறிக்கையை நான் படித்ததில்லை. ஆனால் அன்று எனக்குத் தெரிந்தது, எதிரில் ஒரு ஆள் என் பாடத்தை மறுக்கிறான் என்பது மட்டும்தான். "ஒட்டிக்கிறதுனால தோல் வருது. சூடு ஒண்ணுதான்," என்றேன். காலையில் தண்ணீரில் நடந்த வித்தையை நேரில் பார்த்த சம்பந்தி, "மாஷ் அளந்தே காட்டுவாரு, பாரு கருப்பையா," என்று என்னைக் கொம்பு சீவிவிட்டார்.

தெர்மாமீட்டரை ஒரு மூங்கில் கழியில் சணலால் கட்டிக் கொப்பரைக்குள் நீட்டினேன்.

நூறு. சரி, சாறு என்றால் கொஞ்சம் கூடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். நூற்றிரண்டு. நூற்று நான்கு.

"என்ன மாஷே, ஏறுது?" என்றார் கருப்பையா.

"குமிழ் அடியில பட்டிருச்சு. அதான்." கழியைக் கொஞ்சம் தூக்கினேன்.

நூற்றேழு.

"மாஷே, வெளிய எடுத்துருங்க. இன்னும் பதம் வரல. இது எங்கயோ போய் நிக்கும்."

அப்போதாவது எடுத்திருக்கலாம். நீரில் எதையாவது கரைத்தால் கொதிநிலை உயரும் என்பது என் பாடப்புத்தகத்தில் அடுத்த பத்தியிலேயே இருக்கிறது. உப்பைப் போட்டு நானே அதைச் செய்துகாட்டியிருக்கிறேன். சர்க்கரையைக் கரைத்தாலும் அப்படியே. பாகு இறுக இறுக இன்னும் உயரும். என் மண்டப உவமையிலேயே சொல்வதானால், கிளம்புகிற விருந்தாளியின் கையைப் பிடித்து இழுக்கிற சொந்தக்காரர்கள் உள்ளே கூடிக்கொண்டே போகிறார்கள்; அவர்களைத் தாண்டி வெளியே போக முன்னைவிட அதிக வேகம் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த விஷயம் தேவைப்பட்ட நேரத்தில் வாசலுக்குக்கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஒரே எண்ணம்: சம்பந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தெர்மாமீட்டர்ல கோளாறு. இப்ப நிக்கும் பாருங்க," என்றேன்.

பாதரசம் நூற்றுப் பத்தாவது கோட்டைத் தொட்டது. அதுதான் கடைசிக் கோடு; அதற்கு மேல் பாதரசம் விரிய இடமில்லை. கொஞ்ச நேரத்தில் கழியில் ஒரு சின்ன அதிர்ச்சி. பல்லில் எதுவோ மெல்லப் பட்டது போல, "டிக்".

கழியை இழுத்துப் பார்த்தேன். கண்ணாடித் தண்டு இருந்தது. நுனியில் குமிழ் இல்லை. அதிலிருந்த பாதரசமும் இல்லை.

சம்பந்தி அந்த நேரம் பார்த்துப் பெண்களைக் கூப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் தண்டைச் சட்டென்று அவிழ்த்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டேன். கருப்பையா திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாஷே?"

"ஒண்ணுமில்லை. எடுத்துட்டேன்."

இங்கிருந்துதான் வீட்டில் யாரும் சொல்லாத பகுதி.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பாதரசம் என்ன செய்யும் என்று மறையூரிலேயே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அன்று யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அதன் ஆவியைக்கூடச் சுவாசிக்கக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் ஆய்வகத்தின் முதல் வகுப்பில் சொன்னவன் நான். அப்படிப்பட்டவன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஒரு துளிதானே. கொப்பரை நிறையப் பாகு. பாதரசம் கனமானது, அடியில் போய் உட்கார்ந்துவிடும். கண்ணாடியும் அடியில்தான் தங்கும். அடியை மட்டும் தனியாகச் சுரண்டி எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏதாவது சாக்குச் சொல்லி அந்த அடியை நானே கேட்டு வாங்கிவிடலாம். வாங்கி? கோவிந்தாபுரம் கொண்டுபோய்ப் புதைத்துவிடலாம். (உடுமலை பஸ்ஸில் மடியில் விஷத்தோடு.) வாத்தியாராக இருந்த அத்தனை வருடங்களில் இவ்வளவு வேகமாக நான் யோசித்ததில்லை. யோசித்ததில் ஒன்றுகூட, எழுந்து நின்று வாயைத் திறப்பது பற்றியது இல்லை.

கருப்பையா தண்ணீரில் ஒரு துளிப் பாகை விட்டு உருட்டிப் பார்த்தார். தலையாட்டினார். இரண்டு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்த்து மரத் தொட்டியில் ஊற்றினார்கள். கிளறினார்கள். வாசனை மேலே எழும்பியது. பாகு மெல்ல மங்கி இறுகியது. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சரஸ்வதியும் வந்தார்கள். நடுவில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கோகிலா. இத்தனைக்கும் நேரம் இருந்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"என்னப்பா, நின்னுச்சா உங்க கோடு?" என்று கேட்டுச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

கருப்பையா ஒரு கை வெல்லத்தை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக உருட்டினார் என்று பிறகுதான் தோன்றியது. சம்பந்தியம்மா அதை வாங்கி, ஊதி, மருமகள் கையில் வைத்தார். "சாப்பிடு தாயி. இந்தத் தடவ எல்லாம் நல்லபடியா நடக்கும்."

கோகிலா உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நாற்காலி பின்னால் விழுந்தது. மடியிலிருந்த கண்ணாடித் தண்டு எங்கோ விழுந்து உடைந்தது. "தின்னாதே!" என்று கத்திக்கொண்டே அவள் கையை ஓங்கித் தட்டினேன். உருண்டை பறந்துபோய்ச் சம்பந்தியின் வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சுக்கு நேராக, பதக்கம் மாதிரி ஒட்டிக்கொண்டது.

வளைகாப்புக்கு முந்தின நாள், கர்ப்பிணி வாய்க்குப் போன இனிப்பைப் பெற்ற தகப்பனே தட்டிவிடுகிறான். சம்பந்தியம்மா முகத்தில் ரத்தமே இல்லை. சரஸ்வதி, "ஐயோ, என்னங்க இது!" என்று தலையில் கை வைத்தாள்.

"தெர்மாமீட்டர் உடைஞ்சு உள்ள விழுந்திருச்சு. பாதரசம். விஷம். யாரும் தொடாதீங்க. கோகிலா, நீ ஊட்டுக்குப் போ. ஓடாதே, நட. ஆனா போ."

சம்பந்தி சட்டையிலிருந்து உருண்டையைப் பிய்க்கப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்ப ஒடைஞ்சது சம்பந்தி?"

கேட்டதில் கோபம்கூட இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். எதிரே கருப்பையா கையில் துடுப்போடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானுங்க," என்றேன். "இப்பத்தான் பாத்தேன்."

கருப்பையா துடுப்பைக் கீழே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் காய்ச்சலில் எடுத்த வெல்லம் முழுவதையும் வாய்க்காலுக்குத் தொலைவில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். எங்கே வெட்ட வேண்டும், யார் விலகி நிற்க வேண்டும் என்று சொன்னது மட்டும்தான் அன்று என் படிப்பு செய்த நல்ல காரியம். அந்தக் கொப்பரையைச் சம்பந்தி மறுபடி அடுப்பில் ஏற்றவே இல்லை. மறுநாள் கச்சாயம் வேண்டுமே! உடுமலையிலிருந்து பஸ்ஸில் அச்சுவெல்லம் வந்தது. மறையூரில், கரும்புக்காரர் வீட்டில், கீழ்நாட்டு அச்சுவெல்லம். வளைகாப்புக்கு வந்த ஒரு பெண்மணி கச்சாயத்தைக் கடித்துவிட்டு நிறுத்தினார்.

"என்னக்கா, வெல்லம் நம்ம வெல்லம் மாதிரி இல்லையே?"

"சம்பந்தி வீட்டுச் சீர்," என்றார் சம்பந்தியம்மா, முகம் மாறாமல். "அவுக ஊர்ப்பக்கத்து வெல்லம். நல்லாத்தான இருக்கு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று மத்தியானமே கிளம்பிவிடப் பார்த்தேன். விடவில்லை. "சாப்பிட்டுப் போங்க", "இருந்து போங்க", "நாளைக்குப் போலாம்" என்று ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்தார்கள். ஒரு துகள் பாகைவிட்டு வெளியேற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

மறுநாள் பஸ் ஏறுவதற்கு முன் ஆலைக்குப் போனேன். கருப்பையா அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"துண்டுல சுத்துனதப் பாத்தேன். என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. ஒண்ணுமில்லன்னீங்க. அதுக்கு மேல மொதலாளி சம்பந்தியை நான் என்னன்னு கேக்குறது?" சாம்பலைக் கூடையில் போட்டார். "புள்ள வாய்க்கிட்ட கொண்டுபோனப்ப ஒங்க மூஞ்சியப் பாத்தேன் மாஷே. ஏதோ பெருசுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நானும் கைய நீட்டிட்டேன். ஒங்க கை முந்திக்கிடுச்சு. அம்புட்டுத்தான்."

கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஏழு முடிந்துவிட்டது. வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் அவள்தான் இந்தக் கதையை நடித்துக் காட்டுவாள். முதலில் சோதனைச் சாவடி. பிறகு, "காட்டையே எரிச்சாலும் ஒரு கோடு ஏறாது!" பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பாய்வாள். "தாத்தா உடைஞ்ச உடனே பாஞ்சு தட்டிவிட்டாரு. இல்லாட்டி நானே இல்லை!" எல்லோரும் கைதட்டுவார்கள். வருடா வருடம் மறையூரிலிருந்து வரும் வெல்லப் பொட்டலத்தின் மேல் சம்பந்தி பேனாவால் எழுதியிருப்பார்: "அளக்காதது".

போன பொங்கலுக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். பேத்தி பாய்ந்து முடித்ததும் நான் சொல்லிவிட்டேன். "ஒடனே இல்ல கண்ணு. அது ஒடைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தாத்தா எந்திரிச்சேன். தெரிஞ்சுக்கிட்டே சும்மா உக்காந்திருந்தேன்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "மாமா இப்பப் புதுசா சேக்கறாரு!" என்றார் மாப்பிள்ளை. "சம்பந்திக்கு அடக்கம் ஜாஸ்தி," என்றார் வேலுச்சாமி. எழுபது வயதுக்கு மேல் ஒருவன் உண்மையைச் சொன்னால் அதை நம்ப வைப்பதற்கே தனித் திறமை வேண்டியிருக்கிறது.

கோகிலா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு டீ டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"எத்தன நிமிசம்ப்பா?"

"இருபது இருக்கும்."

பிறகு டம்ளரை என் கையில் வைத்து, விரல்களை அவளே அதைச் சுற்றி மூடிவிட்டாள். "சூடா இருக்குது. பாத்துக் குடிங்க."

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புது வேடிக்கை தொடங்கியிருக்கிறது. போனில் நான் எதற்காவது, "இதோ வந்துட்டேன் சாமி," என்றால், கோகிலா உடனே, "இருபது நிமிசமாப்பா?" என்பாள். நான் தாமதக்காரன் என்று நினைத்து மாப்பிள்ளை சிரிப்பார், சரஸ்வதி சிரிப்பாள். பேத்திகூட அதைப் பிடித்துக்கொண்டாள். "இருபது நிமிசத் தாத்தா" என்றுதான் இப்போது என்னைக் கூப்பிடுகிறாள்.

நான் ஒவ்வொரு தடவையும், "இல்ல சாமி, இப்பவே," என்று சொல்லிவிட்டு, மூட்டு வலிக்க வலிக்க எழுந்து நின்றுவிடுகிறேன்.